‘குழம்பு’ என்றொரு பாட்டு

என் பேத்தி சல்சா வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று மருமகள் சொன்னபோது, அது ஏதோ சமையல் வகுப்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன். தில்லியில் எந்தப் பெரிய மளிகைக் கடைக்குப் போனாலும் ‘சல்சா’ என்று எழுதிய காரத் தக்காளிச் சட்னி பாட்டிலை அடுக்கி வைத்திருக்கிறார்களே! பாட்டியின் வற்றல் குழம்பைக் கற்றுக்கொள்ளாமல் இதற்குப் போய்ப் பணம் கட்டுவானேன் என்று மனத்துக்குள் முணுமுணுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு சாயங்காலம், குடையை எடுத்துக்கொண்டு அவளை அழைத்துவரப் போனேன். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அடித்தள அறை. உள்ளே அடுப்பும் இல்லை, அண்டாவும் இல்லை. இருபது பையன்களும் பெண்களும் ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வீடு வந்து சேரும் வரை நான் பேசவில்லை. வந்த பிறகு நிறையப் பேசினேன். பரதநாட்டியத்தைப் பாதியில் விட்டது, நம் சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு இரண்டு ஞாயிறு வந்துவிட்டு நின்றுபோனது, எல்லாவற்றையும் அன்றைக்கே சேர்த்துக் கேட்டுவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இந்தியும் தமிழும் கலந்த அவளுடைய மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தாத்தா, இந்தப் பாட்டு யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ஸ்பெயின்காரனோடது.”

“இல்லை. தெரிஞ்சுக்காம திட்டாதீங்க.”

கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதக்கூடாது என்று மத்திய சர்க்கார் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் மற்றவர்களுக்கு உபதேசம் செய்தவன் நான். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த ஆறு மாதம் இந்தக் கோப்பைத்தான் படித்தேன். பாட்டுகளையும் கேட்டேன், பேத்தியே கணினியில் தேடிப் போட்டுக் கொடுத்தாள். தெரிந்துகொண்டதைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. இது ஊரைவிட்டுப் போனவர்களின் கதை. இன்னும் சரியாகச் சொன்னால், ஊரைவிட்டுப் போனவர்கள் பெற்ற பிள்ளைகளின் கதை.

முதலில் தாளம். அது பிடிபட்டால்தான் மற்றது புரியும். ஒரு சாண் நீளமுள்ள இரண்டு உருண்டைக் கட்டைகளைத் தட்டுகிறார்கள். கட்டைக்கும் ‘கிளாவே’ என்று பெயர், அதில் தட்டும் கணக்குக்கும் அதே பெயர். கையில் ஆதி தாளம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்சரத்துக்கும் இரண்டு எழுத்தாக, ‘தகிட தகிட தகதிமி தக தகதிமி’ என்று வாயால் சொல்லுங்கள். மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு, ஆகப் பதினாறு. எட்டு அட்சரத்துக்குள் கணக்காக உட்காரும். ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. முன் பாதியில் மூன்று தட்டு, பின் பாதியில் இரண்டு. அதுதான் கிளாவே. பியானோ, டிரம்பெட், தோற்கருவிகள், பாடகர் எல்லாரும் இந்த ஐந்து தட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள். எவராவது பாதி மாறி உள்ளே நுழைந்துவிட்டால் அனுபவசாலிகள் உடனே முகம் சுளிப்பார்களாம், நம் சபாக்களில் முன்வரிசை மாமாக்கள் சுளிப்பது போல.

இதற்கும் நம் தாளத்துக்கும் உறவு கொண்டாட நான் வரவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் மனத்தில் சுமந்துபோன கணக்கு இது. புரிந்துகொள்ள நம் சொற்கட்டு கை கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய இடங்களில் ஒன்று கியூபா. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அங்கே அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1886-இல்தான். தீவின் கிழக்குப் பகுதி மலைப்பிரதேசங்களில், ஸ்பானியக் குடியானவரின் கித்தாரும் ஆப்பிரிக்கரின் தோற்கருவியும் சேர்ந்து ‘சோன்’ என்ற பாட்டு பிறந்தது. முதலில் கதை சொல்வது போல ஒரு பகுதி. பிறகு பின்பாட்டுக்காரர்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட, நடுநடுவே பாடகர் தோன்றியதைக் கற்பனையாகப் பாடிக்கொண்டு போவார். நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இரண்டாம் பகுதி அந்நியமாகத் தோன்றாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோன் தலைநகர் ஹவானாவுக்கு வந்து சேர்ந்தது.

இதைச் சின்னக் குழுவிலிருந்து பெரிய வாத்தியக் கோஷ்டியாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஆர்செனியோ ரோட்ரிகஸ். 1911-இல் பிறந்தவர். அவருடைய பாட்டனார் காங்கோவிலிருந்து வந்த அடிமை. சிறுவயதில் ஒரு கால்நடை உதைத்ததில் கண் பார்வை போய்விட்டது. ‘த்ரெஸ்’ என்ற மூன்று ஜோடித் தந்திக் கித்தார்தான் அவர் வாத்தியம். 1940-களில் பியானோவையும், கோங்கா என்ற உயரமான தோற்கருவியையும், கூடுதல் டிரம்பெட்களையும் சேர்த்து அவர் அமைத்த கோஷ்டிதான் பிற்காலச் சல்சாவுக்கு வரைபடம். 1947-இல் பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரைப் பார்க்க நியூயார்க் போனார். பார்வை திரும்ப வழியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாழ்க்கை ஒரு கனவு என்ற பொருளில் அந்தச் சமயத்தில் அவர் இயற்றிய மெதுவான பாட்டை இன்றும் பாடுகிறார்கள். பிறகு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். 1970-இன் கடைசி நாட்களில் லாஸ் ஏஞ்சலஸில் காலமானபோது அவரை நினைத்தவர்கள் அதிகமில்லை. அவருடைய பாணியில் மற்றவர்கள் பணம் சம்பாதிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு.

இனி நியூயார்க்.

கியூபாவுக்குப் பக்கத்தில் போர்த்தோ ரிக்கோ என்று ஒரு சின்னத் தீவு. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1917-இலிருந்து அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆகவே நியூயார்க் போக விசா வேண்டாம். நாம் மூட்டை முடிச்சோடு சென்னை சென்ட்ரலில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறியது போல அவர்கள் சான் ஹுவானில் விமானம் ஏறினார்கள். கொடி ஒன்றுதான். ஆனால் போன இடத்தில் மொழி வேறு, குளிர் வேறு, சாப்பாடு வேறு. 1940-இல் நியூயார்க் நகரில் போர்த்தோ ரிக்கோக்காரர்கள் சுமார் 60 ஆயிரம் பேர். 1960-இல் 6 லட்சத்துக்கு மேல்! பெண்கள் தையல் தொழிற்சாலைகளிலும் ஆண்கள் ஓட்டல்களிலும் வேலை பார்த்தார்கள். கிழக்கு ஹார்லமிலும் தெற்கு பிராங்ஸிலும் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். அப்பா அம்மா ஸ்பானியத்தில் கேட்பார்கள், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் கியூபாவிலிருந்து பாட்டு தாராளமாக வந்துகொண்டிருந்தது. மாச்சீட்டோ என்ற பாடகரும் அவருடைய மைத்துனர் மாரியோ பவுசாவும் 1940-இல் நியூயார்க்கில் தொடங்கிய கோஷ்டி, கியூபத் தாளத்தோடு கறுப்பின அமெரிக்கரின் ஜாஸைக் கலந்தது. பிறகு ‘மாம்போ’ அலை. மன்ஹாட்டனில் பல்லேடியம் என்ற நடனக் கூடத்தில் போர்த்தோ ரிக்கோக்காரர், கறுப்பர், யூதர், இத்தாலியர் என்று எல்லாரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். நகரத்தின் வேறு பல இடங்களில் இவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூட யோசித்த காலம் அது. அங்கே கொடிகட்டிப் பறந்த டீட்டோ புவெந்தே 1923-இல் நியூயார்க்கிலேயே பிறந்தவர், பெற்றோர் தீவுக்காரர்கள்.

1959-இல் கியூபாவில் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். 1961 ஜனவரியில் இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு முறிந்தது. வணிகத் தடையும் வந்தது. கலைஞர்கள் வருவதும் இசைத்தட்டுகள் வருவதும் நின்றுபோயின. அதுவரை கிணற்றிலிருந்து இறைத்துக் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கயிறு அறுந்துவிட்டது. 1966-இல் பல்லேடியத்தையும் மூடிவிட்டார்கள்.

நியூயார்க்கில் பிறந்து வளர்ந்த பையன்களுக்கு இது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. அவர்கள் தெருவில் கறுப்பினப் பையன்களோடு சேர்ந்து ஆங்கிலப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். அப்பாவின் மாம்போ அவர்களுக்குப் பழைய பஞ்சாங்கம். 1966-இலிருந்து மூன்று வருஷத்துக்கு ‘பூகலூ’ என்ற ஒன்று நகரத்தைப் பிடித்து ஆட்டியது. லத்தீன் தாளம், ஆங்கில வார்த்தை, நடுவே கைதட்டல், கூச்சல். ஜோ கியூபாவின் ‘பேங் பேங்’ பத்து லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மொழியும் போயிற்று, கிளாவேயும் போயிற்று என்று புலம்பினார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் குறுகுறுப்பாக இருந்தது. நான் கத்தியதும் ஏறக்குறைய இதே வசனம்தான். பூகலூவைக் கேட்டும் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது! வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியுமாக வளர்ந்த பிள்ளை, இரண்டையும் ஒரே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாடினால் அப்படித்தான் இருக்கும். அதில் பொய் இல்லை.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. அதே பையன்கள் ஸ்பானியத்துக்குத் திரும்பினார்கள். எந்தப் பெரியவரும் கட்டாயப்படுத்தவில்லை.

வில்லி கோலோன் 1950-இல் தெற்கு பிராங்ஸில் பிறந்தவர். பாட்டி வளர்த்த பிள்ளை. தீவின் பாட்டுகளைப் பாட்டியிடம் கேட்டவர். டிரம்பெட்டில் தொடங்கி டிராம்போனுக்கு மாறினார். எடி பால்மியெரி 1961-இல் தொடங்கிய கோஷ்டி ஏற்கெனவே டிராம்போனை முன்னால் நிறுத்தியிருந்தது. டிரம்பெட் பளபளப்பாகப் பேசும். டிராம்போன் தொண்டை கட்டியவன் தெருமுனையில் சண்டைக்கு அழைப்பது போல உறுமும். பிராங்ஸ் பையனுக்கு அதுதான் பொருத்தம். 1967-இல், பதினேழு வயதில், ‘எல் மாலோ’ என்று முதல் இசைத்தட்டு வெளியிட்டார். ‘பொல்லாதவன்’ என்று பொருள். அதில் ஆங்கில பூகலூவும் உண்டு. ஆனால் ஸ்பானியப் பாட்டுகளைப் பாட ஒரு புதுக் குரல் வந்து சேர்ந்திருந்தது.

அந்தக் குரல் எக்டர் லவோ. போர்த்தோ ரிக்கோவில் போன்சே ஊரில் 1946-இல் பிறந்தவர். நியூயார்க் போன அண்ணன் அங்கே போதைப்பொருளால் இறந்துபோனதால், நீ போகாதே என்று அப்பா தடுத்தார். கேட்காமல் 1963-இல் பதினாறு வயதில் விமானம் ஏறிவிட்டார். பிராங்ஸ் பையனுக்குத் தெருவின் துணிச்சல் இருந்தது, ஊர்ப் பையனிடம் மொழி சுத்தமாக இருந்தது. கிராமத்தான் மூக்கால் பாடுவது போன்ற ஒரு குரல். ஆனால் பின்பாட்டுக்காரர்கள் அடியைப் பிடித்துக்கொண்டதும் அவர் நினைத்த மாத்திரத்தில் இட்டுக்கட்டிப் பாடிய வரிகளுக்காகவே கூட்டம் வந்தது.

1970-இல் இந்த இருவரும் சேர்ந்து செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘அசால்த்தோ நவிதேன்யோ’ என்று ஒரு கிறிஸ்துமஸ் இசைத்தட்டு. பெயரைக் கேட்டால் ஏதோ தாக்குதல் என்று தோன்றும். அது தீவின் கிராம வழக்கம். கிறிஸ்துமஸ் சமயத்தில் நடு ராத்திரியில் ஒரு கூட்டம் சத்தமில்லாமல் ஒரு வீட்டு வாசலுக்கு வந்து, திடீரென்று வாத்தியங்களோடு பாடி வீட்டாரை எழுப்பும். அவர்கள் கதவைத் திறந்து தின்னக் குடிக்கக் கொடுத்துவிட்டு, தாங்களும் கூட்டத்தோடு சேர்ந்து அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இந்த இசைத்தட்டுக்காக யோமோ டோரோ என்ற கலைஞரை ‘குவாத்ரோ’ வாசிக்க அழைத்தார்கள். மலைநாட்டுக் குடியானவரின் வாத்தியம் அது. குவாத்ரோ என்றால் நான்கு, ஆனால் தந்திகள் பத்து! கரடுமுரடான பிராங்ஸ் டிராம்போனும் பாட்டி ஊர் குவாத்ரோவும் ஒரே பாட்டில் பேசிக்கொள்கின்றன. இன்றைக்கும் டிசம்பர் வந்தால் போர்த்தோ ரிக்கோ வீடுகளில் இதைப் போடுகிறார்கள். தீவில் பாதி மறந்திருந்ததை நியூயார்க்கிலிருந்து திருப்பி அனுப்பினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

ஏன் திரும்பினார்கள்? சரியாக இன்ன காரணம் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை. காலம் அப்படி. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பார்த்து இவர்களும் நிமிர்ந்தார்கள். 1969 கோடையில் ‘யங் லார்ட்ஸ்’ என்ற இளைஞர் அமைப்பினர் கிழக்கு ஹார்லமில், மாநகராட்சி அள்ளாத குப்பையைத் தாங்களே கூட்டிச் சாலை நடுவே மலைபோல் குவித்து மறியல் செய்தார்கள். ‘நீங்கள் யார்’ என்று ஊர் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் பதில் தேடித்தானே ஆக வேண்டும்? இவர்களுக்குப் பதில் பாட்டியின் அலமாரியில் இருந்தது.

இதை வியாபாரமாக்கியது ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனம். டொமினிகன் குடியரசிலிருந்து பதினோரு வயதில் நியூயார்க் வந்த ஜானி பச்சேக்கோ என்ற புல்லாங்குழல் கலைஞரும், ஜெர்ரி மசூச்சி என்ற இத்தாலிய வம்சாவளி வக்கீலும் 1964-இல் தொடங்கியது. பச்சேக்கோவின் விவாகரத்து வழக்கை நடத்தியவர்தான் மசூச்சி. கட்சிக்காரரும் வக்கீலும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். ஆரம்பத்தில் காரின் பின்பெட்டியில் இசைத்தட்டுகளைப் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். பிறகு நகரத்தின் பெரிய பாடகர்கள், வாத்தியக்காரர்கள் எல்லாரையும் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். லாரி ஹார்லோ என்ற பியானோக்காரர் புரூக்ளின் யூதர். ‘அற்புத யூதன்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர். கண் தெரியாத ஆர்செனியோவுக்கு அஞ்சலியாக ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டவர் அவர்தான். யார் யாருடைய பாட்டைக் காப்பாற்றுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது போலிருக்கிறது.

1971 ஆகஸ்ட் 26 அன்று மன்ஹாட்டனில் ‘சீட்டா’ என்ற கூடத்தில் ஃபானியா கலைஞர்கள் எல்லாரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். அதைப் படமாகவும் எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1973 ஆகஸ்ட் 24 அன்று, பிராங்ஸின் யாங்கி மைதானம். 40 ஆயிரம் பேருக்கு மேல். மோங்கோ சாந்தமரியா, ரே பரெத்தோ இருவரும் கோங்காவில் போட்டி போட்டுக்கொண்டு வாசித்தபோது கூட்டம் தடுப்புகளைத் தாண்டிப் புல்வெளிக்குள் பாய்ந்தது. கச்சேரி அதோடு சரி! பிற்பாடு ‘யாங்கி மைதானக் கச்சேரி’ என்று வெளிவந்த இசைத்தட்டில் பெரும்பகுதி அங்கே பதிவானதே இல்லை, சான் ஹுவானில் நடந்த வேறொரு கச்சேரி. இந்த விஷயத்தைக் கண்டுபிடித்தபோது, கோப்பில் தவறான இணைப்பைக் கண்டுபிடித்த பழைய சந்தோஷம் எனக்கு.

சல்சா என்ற பெயர் நிலைத்ததும் இந்தச் சமயத்தில்தான். ஸ்பானியத்தில் அதற்குக் குழம்பு, சட்னி, தொட்டுக்கொள்ள எதுவாகவும் பொருள் கொள்ளலாம். 1930-களின் தொடக்கத்திலேயே இக்னாசியோ பின்யெய்ரோ என்ற கியூபக் கலைஞர் குழம்பு ஊற்றச் சொல்லும் ஒரு பாட்டு இயற்றியிருக்கிறார். 1966-இல் வெனிசுவேலா வானொலியில் இந்தப் பெயரில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. 1970-களில் நியூயார்க் பத்திரிகைகளும் ஃபானியாவும் சேர்ந்து அதையே முத்திரையாக்கிவிட்டன. டீட்டோ புவெந்தேவுக்குக் கோபம். சல்சா என்பது சாப்பாட்டில் ஊற்றிக்கொள்வது, நான் வாசிப்பது கியூப இசை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கியூபாவிலிருந்தவர்களும் எங்கள் சோனைத் திருடிப் பெயர் மாற்றிவிட்டீர்கள் என்றார்கள்.

அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எலும்புக்கூடு கியூபாவினுடையது. ஆனால் போர்த்தோ ரிக்கோவின் பொம்பா, பிளேனா தாளங்களும், ஜாஸும், பிராங்ஸின் கோபமும் சேர்ந்த பிறகு அது வேறு பண்டமாகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து வந்த சாம்பார்ப் பொடியில், கரோல்பாக் கடையில் வாங்கிய காயும் யமுனைத் தண்ணீரும் சேர்த்து என் மனைவி வைப்பது எந்த ஊர் சாம்பார்? நாற்பது வருஷமாகச் சாப்பிடுகிறேன், இன்னும் தெரியாது.

இந்தக் கூட்டத்தில் இன்னும் மூன்று பேரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

டீத்தே குரெட் அலோன்சோ போர்த்தோ ரிக்கோவில் தபால் இலாகா ஊழியர். தபால் வேலை பார்த்துக்கொண்டே சுமார் இரண்டாயிரம் பாட்டுகள் எழுதினார்! ஸ்பானியர்கள் தூக்கிலிட்ட அனகவோனா என்ற பழங்குடி அரசியைப் பற்றி அவர் எழுதியதை, சீட்டா கூடத்தில் சேயோ ஃபெலிசியானோ பாடினார். வரலாற்றுப் பாடமும் ஆட்டமும் ஒரே நேரத்தில். பிற்காலத்தில் உரிமைத் தகராறு ஒன்றால் பல வருஷம் அவர் சொந்தத் தீவின் வானொலியிலேயே அவர் பாட்டுகளைப் போடாமல் இருந்தார்கள். 2003-இல் அவர் காலமானபோதும் அந்தத் தகராறு தீரவில்லை.

ரூபன் பிளேட்ஸ் பனாமாக்காரர், சட்டம் படித்தவர். 1974-இல் நியூயார்க் வந்து ஃபானியா அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தார். வில்லி கோலோனோடு சேர்ந்து 1978-இல் வெளியிட்ட ‘சியெம்ப்ரா’ சல்சா உலகில் விற்பனைச் சரித்திரம் படைத்தது. அதில் பெத்ரோ நவாஹா என்ற தங்கப்பல் ரௌடியின் கதை ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரு சிறுகதையைக் காலில் சலங்கை கட்டி ஆடவிட்டது போல இருக்கிறது. இவ்வளவு நீளப் பாட்டை யார் கேட்பார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் தோற்றுப்போனார்கள். பிளேட்ஸ் 1994-இல் பனாமா ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். பிறகு சுற்றுலா மந்திரியாகவும் இருந்தார். எல்லாப் பாட்டும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பேத்திக்கு அர்த்தம் சொல்ல முடியாத பாட்டுகளும் தாராளமாக உண்டு.

மூன்றாவது, சீலியா குரூஸ். ஹவானாவில் 1925-இல் பிறந்தவர். 1960-இல் கச்சேரிக்காக மெக்சிகோ போனவர் திரும்பவில்லை. 1962-இல் தாயார் இறந்தபோது இறுதிச் சடங்குக்கு வர அனுமதி கேட்டார். அரசாங்கம் மறுத்துவிட்டது. 1974-இல், ஐம்பதை நெருங்கும் வயதில், பச்சேக்கோவோடு சேர்ந்து பாடிய இசைத்தட்டு அவரைப் புதுத் தலைமுறைக்கு ராணியாக்கியது. மேடையில் ‘அசூக்கார்!’ என்று கூவுவார். சர்க்கரை என்று அர்த்தம். கரும்புத் தோட்டத்து அடிமைகளின் வம்சத்தில் வந்தவர் அந்த வார்த்தையைச் சிரித்துக்கொண்டே கூவுவதைக் கேட்டால் எனக்குச் சிலிர்க்கிறது. 1990-இல் கியூபா மண்ணிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாந்தனாமோவுக்குப் பாடப் போனவர், அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து பத்திரமாக வைத்துக்கொண்டார். 2003-இல் பிராங்ஸில் அவரை அடக்கம் செய்தபோது அந்த மண்ணையும் கூடவே வைத்தார்கள். 2024-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட ஒரு கால் டாலர் நாணயத்தில் அவர் உருவம் இருக்கிறது.

பிறகு சல்சா எங்கெங்கோ போயிற்று. கொலம்பியாவின் காலி நகரத்தில் 33 சுற்று இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு ஏற்பக் காலை மாற்றி ஒரு தனிப் பாணியே உண்டாக்கிவிட்டார்கள். ஜப்பானில் ‘ஒர்கெஸ்தா டெ லா லூஸ்’ என்று முழுக்க ஜப்பானியர்கள் கொண்ட கோஷ்டி, ஸ்பானியத்தில் பாடி 1990-இல் அமெரிக்காவின் லத்தீன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நியூயார்க்கிலோ 1980-களில் காரம் குறைந்து காதல் புலம்பல் மிகுந்தது. அதில் எனக்கு ருசி இல்லை. அது வயசுக் கோளாறாகவும் இருக்கலாம்.

எக்டர் லவோவின் முடிவு பரிதாபம். அப்பா எதற்குப் பயந்து தடுத்தாரோ, அதே போதைப் பழக்கம் பிடித்துக்கொண்டது. 1987-இல் பதின்வயது மகன் துப்பாக்கி விபத்தில் இறந்தான். மறுவருஷம் சான் ஹுவானில் ஓர் ஓட்டல் மாடியிலிருந்து குதித்தார், பிழைத்தார். எய்ட்ஸ் நோயால் 1993 ஜூன் 29 அன்று, நாற்பத்தாறு வயதில், நியூயார்க்கில் காலமானார். பாடகனின் வாழ்க்கையைப் பற்றி பிளேட்ஸ் அவருக்காக எழுதிக் கொடுத்த ஒரு பாட்டு இருக்கிறது. அதைப் பேத்தி போட்டபோது, வேறு ஏதாவது போடம்மா என்று சொல்லிவிட்டேன்.

2025 ஜனவரியில் போர்த்தோ ரிக்கோவின் பேட் பன்னி என்ற இளம் பாடகர் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதன் முதல் பாட்டே, 1975-இல் எல் கிரான் கோம்போ கோஷ்டி நியூயார்க் கோடையைப் பற்றிப் பாடிய ஒரு பழைய சல்சாவின் துண்டோடு தொடங்குகிறது. அதே தொகுப்பில் முழுச் சல்சாவாகவே ஒரு பாட்டு. அதற்கு வாசித்தவர்கள் சான் ஹுவான் இசைப் பள்ளி மாணவர்கள், என் பேத்தி வயதுப் பிள்ளைகள். அவள் அந்த வகுப்பில் சேர்ந்ததே இந்தப் பாட்டைக் கேட்டுத்தானாம். ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கட்டையைத் தட்ட, நான் சொற்கட்டுச் சொல்கிறேன். கட்டை என்றால் சமையலறையின் இரண்டு சப்பாத்திக் குழவிகள். ‘தகதிமி’யை ஆரம்பத்தில் ‘டக்டிமி’ என்றாள். இப்போது பரவாயில்லை.

போன வாரம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். “மார்கழியில் நம்ம சங்கத்துப் பஜனைக்கு வரியாம்மா? தெருத்தெருவாப் பாடிக்கிட்டே போவோம்.”

“எத்தனை மணிக்கு, தாத்தா?”

“காலையில் ஐந்து மணிக்கு.”

“தில்லிக் குளிர்லயா? முடியாது. அந்த அசால்த்தோ மாதிரி ராத்திரி பத்து மணிக்கு வெச்சு, எல்லார் வீட்டுக் கதவையும் தட்டி எழுப்பறதுன்னா வரேன். குழவியையும் எடுத்துண்டு வரேன்.”

இதை அப்படியே எழுதிச் சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.